குளிரில் வைத்த நேரம்

ஆஸ்டின் டவுன், பெங்களூரு
6.10.2024

அன்புள்ள தங்கை பியாட்ரிஸுக்கு,

ஆண்டவர் அருளால் நான் சுகம். உன் மூட்டுவலி குறைந்திருக்கிறதா? எனக்கு இரத்த அழுத்தம் அளவோடு இருக்கிறது. காதுதான் இன்னும் மந்தமாகிவிட்டது. முப்பத்தொரு வருடம் எஞ்சின் சோதனைக் கூடத்தில் நின்றதன் பலன். எதிரில் நின்று உரக்கப் பேசினால் கேட்கிறது; போனில் ஒன்றும் விளங்குவதில்லை. எனவே வழக்கம்போல் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பு. நானும் அப்படியே அனுப்புகிறேன்.

உன் மகன் நோயல் சொல்லித்தான், அவன் வேலை செய்யும் உங்கள் ஊர் தீயணைப்பு நிலையம் எங்கள் பொம்மனஹள்ளி கம்பெனியில் இரண்டு ட்ரோன்கள் வாங்குகிறது என்று முதலாளி நாகேஷ் சொன்னார். தன் மாமா வேலை செய்யும் இடம் என்று அவன் சிபாரிசு செய்தானாம். கூச்சமாக இருந்தது. நான் அங்கே பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. செயல்முறைப் புத்தகங்களையும் சோதனைத் தாள்களையும் எழுதுகிறேன். எழுபத்து மூன்று வயதில் ஒருவனை வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஏரிப் பனி உடைந்து விழுந்தவரின் உடல் சூட்டைக் கேமராவில் கண்டுபிடித்து, அவர் தலைக்கு மேலே போய் நின்று, கயிறு கட்டிய மிதவையைக் கைக்கெட்டும்படி போடுவது இதன் வேலை. பனிமேல் மனிதர் தவழ்ந்து போய்ச் சேருமுன் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். ஆனால் பெங்களூரில் பனிக்கு எங்கே போவது? ஓசூர் ரோடுப் பக்கம் மீன் வைக்கிற குளிர்க் கிடங்கு ஒன்றில் அனுமதி கேட்டோம். உள்ளே மைனஸ் பதினெட்டு. இன்ஜினியர் ரக்ஷிதாவும் நானும் ட்ரோனை ஒரு மேசையில் இறுக்கிக் கட்டி விசிறிகளை ஓடவிட்டோம். கிடங்கு மேஸ்திரி ரங்கா கதவருகே நின்று பார்த்தார்.

"இன்னா சார் இது, ஃபேன் போட்டு மீனைக் காய வைக்கப் போறீங்களா?"

"ஐஸ் ஒடஞ்சு தண்ணில விழுந்தவங்களைக் காப்பாத்துற ட்ரோன் அண்ணா. கனடா போகுது" என்றாள் ரக்ஷிதா. பல் தந்தியடித்தது.

"அங்க விழுறவனுக்கு இங்கிருந்து போவணுமா? நல்லா இருக்கே கதை! பேகா பேகா, சீக்கிரம் முடிங்க மேடம், அரை மணிதான். எறா லாரி வந்துடும். சாருக்கு மூக்கெல்லாம் வெள்ளையாயிடுச்சு, அப்புறம் அவரையும் பெட்டியில போட்டு ஏத்திடுவானுங்க."

சிரித்துக்கொண்டே வெளியே வந்தோம். சோதனை தேறியது.

நோயலுக்கு என் அன்பும் ஆசீர்வாதமும்.

உன் அண்ணன்,
கிளெமென்ட்


24.11.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பியாட்ரிஸ் எழுதுவது. வலி அப்படியேதான் இருக்கிறது. குளிர் வந்தால் அதற்குத்தான் முதலில் தெரிகிறது. நீங்கள் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா?

ஏரி ஓரம் உறையத் தொடங்கிவிட்டது. ட்ரோன்கள் வந்துவிட்டன. போன சனிக்கிழமை நிலையத்துக்கு மசால்வடை செய்து எடுத்துப் போனேன். மூத்த அதிகாரி வடையை வாயில் வைத்துக்கொண்டே நோயலை வம்புக்கிழுத்தார். "உன் மாமா இதை மீனோடு வைத்துச் சோதித்தாராமே. அப்படியானால் பறக்குமா, நீந்துமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நோயலுக்குப் பெருமை தாங்கவில்லை. உங்கள் சோதனைத் தாளைச் சட்டம் போடாத குறையாகச் சுவரில் ஒட்டியிருக்கிறான். கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது.

முன்பு வேறொரு ட்ரோன் வைத்திருந்தார்கள். அதன் பாட்டரிகளை நிலையத்துச் சமையலறையில் கதகதப்பாக வைத்திருந்து, அழைப்பு வந்தால் ஓடிப்போய் எடுத்து வருவார்கள். அதில் ஒரு நிமிடம் வீணாகுமாம். இப்போது அந்தத் தொல்லை இல்லை. நான்கு மணி நேரம் மைனஸ் பதினெட்டில் வைத்த பிறகும் முழு வேலை செய்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? அதனால் பாட்டரியை மாட்டியபடியே வண்டியில் விட்டுவிடுகிறார்கள். வண்டி நிற்கும் கொட்டகையில் சூடேற்றி கிடையாது. "மாமா எழுதியிருந்தா சரியாத்தாம்மா இருக்கும், அவர் பால் கணக்கையே மூணு தடவை சரிபார்க்கிற ஆளு" என்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
பியாட்ரிஸ்


30.11.2024

அன்புள்ள பியாட்ரிஸுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாத்திரை தவறாமல் போடுகிறேன். இங்கே நான்கு நாளாகத் தூறல். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட முடியாமல் தவிக்கிறார்கள். மூட்டுக்கு நீலகிரித் தைலத்தை வெந்நீர் ஒத்தடத்துக்குப் பிறகு தடவிப் பார். முன்னால் தடவினால் எரியும்.

வடை பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்தேன். பாட்டரிகளைப் பழையபடி சமையலறையில் வைத்தாலும் கெடுதல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இது சும்மா ஒரு அபிப்பிராயம்தான். நோயல் அனுபவம் உள்ளவன், இதற்காக அவனைத் தொந்தரவு செய்ய வேண்டாம். பக்கத்து வீட்டு லட்சுமம்மா உன்னை விசாரித்தார். அவர் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது.

குளிரில் வெளியே போகும்போது இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்.

உன் அண்ணன்,
கிளெமென்ட்


19.1.2025

அண்ணாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுத முடியவில்லை.

போன ஞாயிறு மதியம் ஏரியில் ஒருவர் இறந்துவிட்டார். திரு. பெர்னார்ட், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். நோயலின் வகுப்பையே அவர்தான் ஏற்றிப் போனார். பனி வண்டியோடு உள்ளே விழுந்துவிட்டார். அன்று மைனஸ் இருபத்தொன்று. நோயல்தான் ட்ரோனை இயக்கினான். இரண்டே நிமிடத்தில் அவரைத் திரையில் கண்டுபிடித்துவிட்டான். பனி விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றித் தொங்கிக்கொண்டிருந்தாராம். நோயல் மிதவையோடு ட்ரோனை அவரிடம் அனுப்பினான்.

அவர் அதைப் பார்த்தார். பிடித்துக்கொள்ள ஒரு கையைத் தூக்கினார். எண்பது மீட்டர் இருக்கும்போது பாட்டரி தீர்ந்துவிட்டது என்று காட்டி, ட்ரோன் தானாகத் திரும்பி வந்துவிட்டது. நோயல் எவ்வளவோ அழுத்தியும் நிற்கவில்லை. பிறகு அவன் பாதுகாப்பு உடையோடு பனிமேல் தவழ்ந்து போனான். போய்ச் சேர்ந்தபோது குழியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. மறுநாள் எடுத்தார்கள்.

நோயல் தூங்குவதில்லை. "கையைத் தூக்கினார்மா" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

பியாட்ரிஸ்


31.1.2025

அன்புள்ள பியாட்ரிஸுக்கு,

உடனே எழுதாததற்கு மன்னித்துக்கொள். சளி பிடித்து நெஞ்சு அடைத்திருந்தது. இப்போது பரவாயில்லை.

திரு. பெர்னார்டின் ஆன்மாவுக்காக ஞாயிறு பூசையில் ஜெபிக்கும்படி பெயர் எழுதிக் கொடுத்தேன். பாதிரியார் பெயரைச் சரியாகத்தான் வாசித்தார். அவருக்குப் பிள்ளைகள் உண்டா? நோயலைச் சாப்பிட வை. கஞ்சியாக இருந்தாலும் போதும். அவன் மேல் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

நிலையத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? அன்று வண்டி வெளியில் எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியுமா? தெரியாவிட்டால் கேட்க வேண்டாம்.

கிளெமென்ட்


16.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சளி குணமாகிவிட்டதா? என் மூட்டைப் பற்றி இப்போது யாருக்குக் கவலை.

நீங்கள் நினைத்தது நடக்கவில்லை. குற்றம் நோயல் மேல்தான் வந்திருக்கிறது. விசாரணைக் குழு உங்கள் கம்பெனிக்கு எழுதிக் கேட்டது. திரு. நாகேஷ் உங்கள் சோதனைத் தாளை இணைத்துப் பதில் அனுப்பியிருக்கிறார். நான்கு மணி நேரம் குளிரில் வைத்தும் தேறிய பாட்டரி, முழுதும் ஏற்றப்பட்டிருந்தால் ஆறு நிமிடத்தில் தீர வழியே இல்லை. எனவே அரைகுறையாக ஏற்றிய பாட்டரியை மாட்டியிருக்க வேண்டும் என்கிறார். பாட்டரி ஏட்டில் அன்று காலை 'முழுதும்' என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நோயல். பார்க்காமலே எழுதிவிட்டான் என்கிறார்கள்.

அவனை மீட்புப் பணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடையில் திருமதி பெர்னார்டின் தம்பி அவனைப் பார்த்து, "பார்க்காமலே கையெழுத்துப் போடுவதற்கா உனக்குச் சம்பளம்?" என்று கேட்டாராம். முதலில் "நான் பார்த்தேம்மா, நாலு பச்சை விளக்கும் எரிஞ்சுது" என்று உறுதியாகச் சொன்னான். இப்போது மாறிவிட்டான். நேற்று, "ஒருவேளை பார்க்கலையோ? முந்தின நாள் பார்த்ததை நெனச்சுக்கிட்டு எழுதிட்டேனோ?" என்கிறான். தன் கண்ணையே நம்பாதவனாக ஆகிவிட்டான், அண்ணா. எனக்கு அதுதான் பயம்.

நீங்கள் அந்தச் சோதனையில் கூடவே இருந்தவர். பாட்டரி அப்படித் தீர வேறு காரணம் இருக்க முடியுமா? ஒரு வரி எழுதுங்கள். குழு மார்ச் மாதம் முடிவு எழுதப்போகிறது.

பியாட்ரிஸ்


23.3.2025

அண்ணாவுக்கு,

ஐந்து வாரமாகிவிட்டது. உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று லட்சுமம்மா வீட்டுக்குப் போன் செய்தேன். "அவருக்கு என்ன, காலையில பால் வாங்கிட்டுப் போறாரே, நல்லாத்தான் இருக்காரு" என்றார்.

நோயல் தன் தவறு என்று ஒப்புக்கொண்டு வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டான். "முடிஞ்சா போதும்மா" என்றான். அன்றிரவு அவன் மாத்திரைகளையும் சமையலறைக் கத்திகளையும் எடுத்து என் அறையில் வைத்துப் பூட்டினேன். இதற்கு மேல் உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பியாட்ரிஸ்


ஆஸ்டின் டவுன்
6.4.2025

அன்புள்ள பியாட்ரிஸுக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. நோயல் பாட்டரியைப் பார்த்துத்தான் எழுதினான். நான்தான் பார்க்காமல் எழுதியவன்.

எங்கேயாவது சோதனைக்குப் போகும்முன், முன்கூட்டியே தெரிந்த கட்டங்களை மேசையில் உட்கார்ந்து மையால் நிரப்பிக்கொள்வது என் பழக்கம். தேதி, இடம், மாதிரி எண், வெப்பநிலை, குளிரில் வைத்த நேரம். சோதனை இடத்தில் எழுதினால் கை நடுங்கி எண்கள் தவறிவிடுமோ என்ற பயத்தில் வந்த பழக்கம் அது. விதிப்படி நான்கு மணி நேரம் குளிரில் ஊற வைத்த பிறகே பாட்டரியைச் சோதிக்க வேண்டும். எனவே வீட்டிலேயே 'நான்கு மணி நேரம்' என்று எழுதிக்கொண்டு போனேன்.

கிடங்கில் அரை மணிதான் கிடைத்தது. பாட்டரிகள் கம்பெனியிலிருந்து, என் பையிலிருந்து, நேராக மேசைக்கு வந்தன. வெளிப்புறம் குளிர்ந்ததே தவிர, உள்ளே பெங்களூர் வெயில் அப்படியே இருந்தது. எனவே நன்றாக ஓடின. இன்னொரு நாள் வந்து நான்கு மணி நேரம் வைக்கலாமா என்று ரங்காவைக் கேட்டிருக்க வேண்டும். அவர் லாரிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கத் துணிவு வரவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்தேன். மாலையில் நாகேஷ் தாளைக் கேட்டபோது, அந்தக் கட்டத்தை அடித்துத் திருத்தியிருக்க வேண்டும். என் தாளில் அடித்தல் இருக்காது என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். கொடுத்துவிட்டேன். ரக்ஷிதா அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை. என்னை யாரும் வற்புறுத்தவில்லை. இந்தக் கடிதத்தின் முதல் பிரதியில் நாகேஷ் அவசரப்படுத்தியதாக எழுதியிருந்தேன். அது உண்மையல்ல, கிழித்துவிட்டேன்.

கொட்டகைக் குளிரில் இரவெல்லாம் கிடந்த பாட்டரி, விளக்கில் பச்சை காட்டும். பாரம் தூக்கியதும் சரிந்துவிடும். நோயல் கண்டது அதுதான். அவன் கண்ணில் பிழையில்லை. இதை அவனிடம் இன்றே சொல்.

நவம்பரில், சமையலறையில் வைத்தாலும் கெடுதல் இல்லை என்று உனக்கு எழுதினேன். நான் எச்சரித்துவிட்டேன் என்று இத்தனை நாள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தைலத்துக்கும் கல்யாணச் செய்திக்கும் நடுவே, தொந்தரவு செய்யாதே என்ற சொல்லோடு எழுதியது எச்சரிக்கையாகுமா? அது பிறர் காதில் விழாமல் இருக்கவே எழுதப்பட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று சொல். செய்கிறேன்.

கிளெமென்ட்


7.4.2025

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் நான்கு படங்களாக வந்தது. முதல் மூன்றை நோயலிடம் காட்டினேன். நின்றபடியே படித்தான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான். "பார்த்தேம்மா. நான் பார்த்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அழுதான். அவன் அழுது மூன்று மாதமாகியிருந்தது. அரை மணி கழித்து எழுந்து, "மாமாவுக்கு ஜனவரியிலேயே தெரியுமா?" என்று கேட்டான். நான் ஆமாம் என்றேன்.

குழுவுக்கு ஆங்கிலத்தில் எழுதுங்கள். கையெழுத்திட்டு, முத்திரை வைத்து, நேராக அவர்களுக்கு அனுப்புங்கள். இந்த வாரமே.

நான்காவது படத்தை நான் அவனுக்குக் காட்டவில்லை. நவம்பரில் உங்கள் கடிதம் வந்தபோது அவன் எதிரில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "மாமா என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டான். அந்த வரியை வாசித்தேன், மனதுக்குள். அண்ணனுக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று நினைத்தேன். "சாக்ஸ் போடச் சொல்றாரு" என்றேன்.

விபத்து நடந்த அன்றே எனக்கு அது நினைவு வந்துவிட்டது. உங்களைக் கேள்வி கேட்டு எழுதிய நாளெல்லாம் அதை வைத்துக்கொண்டுதான் எழுதினேன். அவனுக்கு இப்போது என்னைத் தவிர யாரும் இல்லை. குழுவுக்கு எழுதும்போது அந்த வரியை விட்டுவிடுங்கள். என் போனிலிருந்து நவம்பர் கடிதத்தை அழித்துவிட்டேன். உங்களிடம் இப்படிக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

பியாட்ரிஸ்


ஆஸ்டின் டவுன்
15.6.2025

அன்புள்ள பியாட்ரிஸுக்கு,

இதைப் படம் பிடித்து அனுப்பவில்லை. தபாலில் அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. நான் அறிக்கை அனுப்பியதும், மற்ற ஊர்களுக்குப் போன ட்ரோன்களை நிறுத்தி வைக்கும்படி நாகேஷ் எழுதிவிட்டார். என்னை மறுநாளே நிறுத்தினார். அது நியாயம்.

போன செவ்வாய் குழு என்னைக் காணொளியில் விசாரித்தது. எனக்குக் காது கேட்காததால் கேள்விகளைத் திரையில் எழுத்தாகக் காட்டினார்கள். ரக்ஷிதா பக்கத்தில் உட்கார்ந்து கருவியைப் பார்த்துக்கொண்டாள். தாள், கட்டம், அரை மணி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். திருமதி பெர்னார்டும் வந்திருந்தார். சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருந்தார். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கினார். அந்தத் தாளைத் திருத்தாமல் கொடுத்தபோது நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஓசூர் ரோடில் கூட்டம் சேருவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதையே சொன்னேன். அவர் தலையசைத்தார். பிறகு திரையைப் பார்க்கவேயில்லை.

கடைசியில் குழுத் தலைவரின் கேள்வி திரையில் வந்தது. "இந்தச் சோதனை பற்றிய உங்கள் சந்தேகத்தை, விபத்துக்கு முன், யாரிடமாவது தெரிவித்தீர்களா?"

"இல்லை" என்றேன்.

"எழுத்தில்?"

"இல்லை."

அதை எழுதிக் கையெழுத்திடச் சொன்னார்கள். எழுதினேன். எழுபத்து நான்கு வயதை எட்டப்போகும் இந்தக் கை எப்போதும் நடுங்கும் என்று உனக்குத் தெரியும். அந்த வரியில் நடுங்கவில்லை. அது எனக்கு நல்லதாகவும் படவில்லை. முதல் பொய் பயத்தில் வந்தது, ஒரு மனிதரைக் கொன்றது. இரண்டாவதை விழித்திருந்தே எழுதினேன். அது யாரையும் கொல்லாது என்று நம்புகிறேன். இனி எதையும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

நவம்பர் கடிதத்தின் மூலத்தாள் என் கோப்பில் இருந்தது. எடுத்துக் கிழித்துவிட்டேன்.

குழு நோயலை முழுதும் விடுவித்துவிட்டது என்று நேற்று எனக்கும் தகவல் வந்தது. அதற்கு முன்பே அவனிடமிருந்து இரண்டு வரி வந்திருந்தது. ஆங்கிலத்தில். 'நான் பார்த்தேன் என்பதை எல்லோரும் அறியச் செய்ததற்கு நன்றி. இனி எனக்கோ அம்மாவுக்கோ எழுத வேண்டாம்.' அவன் சொல்வதைக் கேட்பதுதான் சரி. நீயும் எழுதாதே. எழுதினால் என்றாவது ஒருநாள் நாம் இருவரில் ஒருவர் அதைச் சொல்லிவிடுவோம்.

மூட்டைக் கவனித்துக்கொள். நோயல் உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறானா என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. சாப்பிடுகிறான் என்றே வைத்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன்,
கிளெமென்ட்